சாமான் அறையில் ஒரு பல்லாங்குழி: பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட், பேரா, மலேசியா

எங்கள் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் மேலாளர் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த ஆண்டின் இறுதியில், பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு பள்ளியின் கூட்டத்தில் என்னை வைத்துக்கொண்டே ஒரு கேள்வி எழுந்தது. "பிள்ளைக்குக் கவுன்சிலிங் கொடுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் பல்லாங்குழி ஆடிவிட்டுப் போகிறார். அதை வீட்டில் பாட்டியே ஆடுவாரே, அதற்கு எதற்குத் தனி அறை?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் தேநீர் வந்துவிட்டது. கூட்டமும் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது. கேட்டவர் மீது எனக்கு வருத்தமில்லை, அது ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கான பதில் ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியதன்று என்பதால், அன்று சொல்ல முடியாமற்போனதை இந்த மடலில் எழுதுகிறேன்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா இருட்டோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். பிறகு படித்து, 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஆலோசகராகி, இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் நம் வட்டாரத்தின் சிறிய பள்ளிகளுக்குத் தன்னார்வலராக வந்து போகிறேன். 150 அல்லது அதற்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிகளைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. நான் வந்து போகும் பள்ளிகள் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இல்லை. வகுப்பாசிரியர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார், அவரால் முடிந்தவரை.

என்னிடம் அனுப்பப்படும் பிள்ளைகள் யாரென்று உங்களுக்குத் தெரியும், பெயர் சொல்லாமலே தெரியும். மோட்டார் சைக்கிளில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து வந்து, அப்பா இல்லாமல் வீடு திரும்பிய பிள்ளை இருக்கிறான். இரவில் அம்மா அடிபடும் சத்தத்தைத் தலையணைக்குள் முகம் புதைத்துக் கேட்டே வளர்ந்த பிள்ளை இருக்கிறாள். உறவினர் என்று வீட்டுக்குள் வந்தவரால் தீண்டப்பட்ட பிள்ளையும் இருக்கிறது. இவர்களைப் பற்றி ஆசிரியர்கள் எழுதி அனுப்பும் குறிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "எதைக் கேட்டாலும் பதில் இல்லை, திமிர்."

அது திமிர் இல்லை. பெரிய அச்சத்தில் அடிபட்ட உடம்பு, ஆபத்து கடந்து மாதங்கள் ஆன பிறகும், இன்னும் ஆபத்துக்குள்ளேயே நிற்பதுபோல் விறைத்துக்கொண்டிருக்கும். கதவு படாரென்று சாத்தினால் துள்ளும். பாடத்தில் மனம் நிற்காது. அந்த நிலையில், நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல் என்று கேட்பது, பெரியவர்களுக்கே முடியாத ஒன்றை எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பதாகும். போதாக்குறைக்கு, எதிரில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கண்ணை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்பது என்பது நம் பிள்ளைகளின் அனுபவத்தில் தண்டனைக்கு முன்னால் நடக்கும் காரியம். அவன் தரையைப் பார்ப்பதில் என்ன வியப்பு?

மேலே போவதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். காயப்படுத்திய ஆள் இன்னும் அதே வீட்டில் இருக்கும்போது எந்த விளையாட்டும் மருந்தாகாது. முதலில் பிள்ளை பாதுகாப்பாக இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டம், அப்படிப்பட்ட குற்றம் பற்றித் தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதையே 5,000 ரிங்கிட் வரை அபராதத்துக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. தோட்டத்தின் மானம், கோயில் நிர்வாகத்தின் பேச்சு, "நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்ற சமாதானம் ஆகிய எதுவும் அந்தக் கடமையைத் தள்ளிப்போடாது. 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணை எல்லா வகுப்பறைக் கதவிலும் ஒட்டி வையுங்கள் என்று நான் கேட்டு எத்தனை மாதமாகிறது என்பதை இங்கே எழுதிக் காட்ட விரும்பவில்லை.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். பிள்ளையின் மனத்துக்கு விளையாட்டு வழியாகப் போகலாம் என்பது என் கண்டுபிடிப்பன்று. நேற்றைய நாகரிகமும் அன்று. லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1920-களின் இறுதியிலேயே மணல்தட்டும் சிறு பொம்மைகளும் வைத்துப் பிள்ளைகளுடன் வேலை செய்தார். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் விளையாட்டுச் சிகிச்சையின் நெறிகளை எழுதினார். பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதே, அது வழி நடத்தட்டும், நீ பின்தொடர் என்பது அவற்றுள் ஒன்று. அவர்கள் பெரும்பாலும் பொம்மையையும் மணலையும் நம்பினார்கள். சிறு பிள்ளைக்கு அது போதும். ஏழெட்டு வயதைத் தாண்டிய பிள்ளை "நான் என்ன பாப்பாவா?" என்று பொம்மையைத் தள்ளிவிடும், அந்த வயதுக்குத்தான் விதிகளுள்ள ஆட்டம் தேவைப்படுகிறது.

விதிகள் என்பதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். அடி எப்போது விழும், யார் எப்போது கத்துவார் என்று தெரியாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, இரண்டு பேருக்கும் ஒரே விதி பொருந்தும் ஓர் இடமே புதுமை. என் முறை முடிந்தால் அவள் முறை. பெரியவர் என்பதற்காக நான் இரண்டு முறை ஆடிவிட முடியாது. ஆட்டத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று அவள் சொல்லலாம், சொன்னால் நான் நிறுத்துவேன். "வேண்டாம்" என்று ஒரு பிள்ளை சொல்லி, பெரியவர் ஒருவர் உடனே கையை எடுத்துக்கொள்வதை அது முதன்முறையாகப் பார்க்கும்போது அதன் முகத்தில் வரும் மாற்றத்தை அன்றைய கூட்டத்தில் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு, ஆகப் பதினான்கு குழிகள். நம் பிள்ளைகள் மலாய் நண்பர்களிடம் இதே போன்ற சோங்காக் ஆடிப் பழகியிருப்பதால், பலகையைக் கண்டதும் கூச்சம் போய்விடுகிறது. நான் சோழிக்குப் பதிலாகப் பால்மரக் கொட்டை வைத்திருக்கிறேன். எங்கு பார்த்தாலும் செம்பனை ஆகிவிட்ட இக்காலத்தில் அதைத் தேடிப் பொறுக்குவதே ஒரு வேலை. வழவழப்பான கொட்டைகளை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டுக்கொண்டு போகும்போது கைக்கு ஒரு தாளம் கிடைக்கிறது, கண்ணுக்குப் பலகை கிடைக்கிறது, ஆளை ஆள் பார்த்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. மூச்சு மெல்ல மெல்ல இறங்குவதை நான் பக்கத்திலிருந்து கேட்பேன். அந்த நேரத்தில்தான் பேச்சு வருகிறது. அதுவும் நேராக வருவதில்லை. "டீச்சர், இந்தக் குழி காலியா இருக்கு" என்பாள் ஒருத்தி. "ஆமாம், காலியாகத்தான் இருக்கிறது" என்பேன். நான்கைந்து குழி தாண்டிய பிறகு, "எங்க வீட்டுலயும் அப்பா படுக்கிற இடம் காலியாத்தான் இருக்கு" என்று கொட்டையைப் போட்டுக்கொண்டே சொல்வாள். நான் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அந்த வாக்கியம் அத்தோடு உள்ளே போய்விடும். (இந்த மடலில் வரும் பிள்ளைகள் எவரும் ஒரே பிள்ளை அல்லர்; அடையாளம் தெரியாதபடி பலரைக் கலந்தும் மாற்றியும் எழுதியிருக்கிறேன். ஊகிக்க முயலாதீர்கள்.)

பாட்டியே ஆடுவாரே என்று கேட்டவருக்கு இங்கே பதில் சொல்லலாம். பாட்டி ஆடட்டும், கட்டாயம் ஆடட்டும். மடியில் இருத்தித் திருநீறு பூசி, முதுகைத் தடவிக்கொண்டே ஆடும் பாட்டியிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. பாட்டி வாய்த்த பிள்ளைகளில் பலர் என்னிடம் வராமலே தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எந்த ஆட்டத்தை, எந்தப் பிள்ளைக்கு, எப்போது எடுக்கக் கூடாது என்பதற்குப் பயிற்சி வேண்டும். இரண்டு எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

கண்ணைக் கட்டி ஆடும் ஆட்டம் நம் பள்ளி விழாக்களில் எல்லோரும் சிரித்து மகிழும் ஆட்டம். இருட்டில் கைகளுக்குப் பயந்து கிடந்த பிள்ளைக்கு அது அதே இருட்டு. வகுப்பே சிரிக்க அவள் சுவரோடு ஒட்டி நின்றாள் என்றால், அவளைக் கோழை என்று கேலி செய்யாமல் துணியை அவிழ்த்துவிடுங்கள்.

பரமபதம் இதைவிட நுட்பமானது. பழைய பரமபதப் படங்களில் ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு பாவத்தின் பெயரும் ஒவ்வோர் ஏணிக்கும் ஒரு புண்ணியத்தின் பெயரும் இருக்கும். தவறு செய்தவன் கீழே விழுவான், நல்லவன் மேலே போவான் என்று பிள்ளைகளுக்கு அறம் சொல்லிக்கொடுக்க அது நல்ல படம்தான். ஆனால் பிறர் செய்த கொடுமைக்குத் தன்னையே காரணமாக நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் முன் அந்தப் படத்தை விரித்தால், "நீ விழுந்தாய், ஆகவே நீ பாவம் செய்தாய்" என்று படமே சொல்லிவிடும். நான் பெயர் எழுதாத வெறும் பாம்பு ஏணிப் படத்தைத்தான் பயன்படுத்துகிறேன். தொண்ணூற்றுச் சொச்சத்திலிருந்து சறுக்கி ஒற்றை இலக்க எண்ணுக்கு வந்த ஒரு பையன், "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று காயைத் தூக்கி எறிந்தான். "ஒரு தப்பும் பண்ணவில்லை, பகடை அப்படி விழுந்தது" என்றேன். அவன் சிறிது நேரம் கழித்துக் காயைத் தேடி எடுத்துவந்து, "அப்ப அன்னைக்கும் நான் தப்புப் பண்ணலதானே?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காக நாங்கள் ஆறு வாரம் ஆடியிருந்தோம்.

கட்டைகளை அடுக்கி ஒவ்வொன்றாக உருவும் ஜெங்காவும் என் பையில் உண்டு. கோபுரம் எப்போதாவது சரியத்தான் போகிறது என்று முன்பே தெரிந்திருப்பதும், சரிந்த பிறகு யாரும் அடிக்காமல் சிரித்துக்கொண்டே மீண்டும் அடுக்குவதும், திடுக்கிட்டுப் பழகிய உடம்புக்கு ஒரு பயிற்சி. முதல் சில வாரங்களுக்குச் சத்தம் வராமலிருக்கக் கீழே ஒரு தடித்த துணியை விரித்துக்கொள்வேன். சோப்புக் குமிழி ஊதுவதும் அப்படித்தான். குமிழி பெரிதாக வர வேண்டுமானால் மூச்சை நீளமாக, மெதுவாக விட்டாக வேண்டும். "ஆழ்ந்து மூச்சு விடு" என்று பத்து முறை சொல்வதைவிட ஒரு ரிங்கிட் குமிழிப் புட்டி நன்றாக வேலை செய்கிறது.

விளையாடினாலே ஆறிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1976-இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லா என்ற ஊரில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகளைக் கடத்திச் சென்று மண்ணுக்கடியில் அடைத்து வைத்தார்கள். பிள்ளைகள் உயிரோடு தப்பிவிட்டார்கள். அவர்களைப் பின்னர் ஆண்டுக்கணக்கில் கவனித்த லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர், அவர்களுடைய விளையாட்டில் மகிழ்ச்சியே இல்லாமல் அதே நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வந்ததையும், அப்படி ஆடுவதால் அவர்களுடைய அச்சம் குறையவில்லை என்பதையும் பதிவு செய்தார். இதை நான் இங்கேயே பார்த்திருக்கிறேன். சிறிய லாரியை எடுத்துச் சிறிய மோட்டார் சைக்கிள்மேல் மோதுவான் ஒரு பையன், எடுப்பான், மோதுவான், வாரத்துக்கு வாரம் ஒரே வேகம், ஒரே இடம், முகத்தில் ஒன்றும் இருக்காது. "விளையாடுகிறான், நல்லதுதானே" என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். அப்போது நான் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது; ஓர் ஆம்புலன்சைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன், சாலையோரம் ஒரு கடையை வைத்து அதிலிருந்து ஓர் ஆளை ஓடிவரச் செய்வேன். ஒன்பதாவது வாரத்தில் அவன் அந்த ஆம்புலன்சைத் தானே எடுத்தான்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் கடையில் கிடைக்கும் உணர்ச்சி அட்டைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. தமிழில் யாராவது பெயர்த்துக் கொடுத்தாலும் அதில் "விரக்தி", "பதற்றம்", "மனச்சோர்வு" என்று இருக்கிறது. நம் பிள்ளைகள் எவரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. அவர்கள் "ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள், "வயித்தப் பிசையுது", "நெஞ்சு படபடங்குது", "கடுப்பா இருக்கு" என்பார்கள். பேச்சுத் தமிழை அட்டையில் எழுதக் கூடாது என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். இலக்கணத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் "ஒரு மாதிரியா இருக்கு" என்ற அட்டையை எடுத்த பிள்ளை, அது உடம்பில் எந்த இடத்தில் என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டும்போது எனக்கு இலக்கணம் நினைவுக்கு வருவதில்லை. இப்படி முப்பது அட்டைகளை நானே எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுகிற பள்ளி படியெடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு கடுமையான வேண்டுகோள். நான் பொம்மை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, நீங்களும் ஒரு பொம்மையைக் காட்டி "எங்கே தொட்டான், இங்கேயா, இங்கேயா?" என்று கேட்காதீர்கள். உண்மையை அறிவது காவல் துறையில் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. டி11 என்று நாம் சொல்லும் பாலியல், பெண்கள், சிறார் விசாரணைப் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. பதிலை ஊட்டிவிடும் கேள்விகளைப் பத்துப் பேர் பத்து முறை கேட்டால், பிள்ளையின் நினைவே குழம்பும். நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார். 2007-ஆம் ஆண்டின் சிறார் சாட்சியச் சட்டம், குற்றஞ்சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமல், திரைக்குப் பின்னாலிருந்தோ காணொளி இணைப்பிலோ பிள்ளை சாட்சி சொல்ல இடம் தந்திருக்கிறது. அவ்வளவு பாதுகாப்பையும் நம் ஆர்வக்கோளாறு கெடுத்துவிடக் கூடாது. பிள்ளை தானாக வாய் திறந்தால், கேட்டுக்கொள்ளுங்கள், நம்புங்கள், அது சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள், உரிய இடத்துக்குத் தெரிவியுங்கள். நானும் சிகிச்சை நேரத்தில் துப்பறிவதில்லை.

இவை பலன் தருமா என்று கேட்பீர்கள். மனக்காயம்பட்ட பிள்ளைகளுக்கு இன்று மிக நல்ல ஆய்வுச் சான்று உள்ள முறை, கோஹன், மன்னரினோ, டெப்ளிங்கர் என்ற மூவர் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை நடத்தைச் சிகிச்சை. பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் வரை நடக்கும் அதில், உடம்பை அமைதிப்படுத்தவும் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் முதலில் கற்றுக்கொடுத்து, நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்ல வைத்து, வீட்டிலுள்ள பெரியவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஆட்டங்களின் வழியே நடத்தும் முறையை நியூ ஜெர்சியில் பாலியல் கொடுமைக்குள்ளான பிள்ளைகளுக்காக உருவாக்கியிருக்கிறார்கள். ஆட்டம் மட்டும் தனியே நின்று நோயைத் தீர்க்கிறது என்பதற்கு அந்த அளவுக்குச் சான்று இல்லை. ஆட்டம் படகு, அதில் ஏற்றிப் போகும் சரக்கு வேறு. இரவில் தூங்காத, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையை நான் பலகையோடு உட்கார வைத்துக்கொண்டிருப்பதில்லை. ஈப்போவுக்கு, மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் தருகிறேன். அப்படித் தந்த கடிதங்களில் சில, "ஊர் என்ன சொல்லும்" என்ற ஒரே காரணத்துக்காக இன்னும் பீரோவில் கிடக்கின்றன.

ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்ட பின்னும் "பாட நேரம் வீணாகிறது" என்ற பேச்சு மட்டும் ஒழியவில்லை. நான் கேட்பது ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு ஐம்பது நிமிடம். அதை உடற்கல்வி வேளையிலிருந்து எடுக்காதீர்கள். ஓடி ஆடும் அந்த ஒரு மணிதான் சில பிள்ளைகள் வாரம் முழுக்கக் காத்திருக்கும் வேளை. எந்த நாள், எந்த மணி என்று முடிவு செய்தால் அதை மாற்றாதீர்கள், விளையாட்டுப் போட்டி வந்தாலும் அதிகாரி வருகை வந்தாலும். சொன்ன நேரத்தில் பெரியவர்கள் வராமற்போவதை இந்தப் பிள்ளைகள் வேண்டிய அளவு பார்த்துவிட்டார்கள்.

அறை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பழைய நாற்காலிகளும் விளையாட்டு விழாக் கொடிகளும் அடைந்து கிடக்கும் சாமான் அறையே போதும். ஒரு சன்னல், ஒரு மின்விசிறி, பாய், பூட்டக்கூடிய ஓர் அலமாரி. கதவில் கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கட்டும், உள்ளே ஒரு பெரியவரும் பிள்ளையும் இருப்பது வெளியே தெரிய வேண்டும், ஆனால் பேச்சு கேட்கக் கூடாது. பையிலுள்ள சாமான்களை நானே வாங்கிக்கொண்டேன், எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிட்டது. அதற்குக் காசு வேண்டாம். கதவில் "ஆலோசனை அறை" என்று எழுதாதீர்கள், அங்கே போகிறவனுக்கு மறுநாளே பட்டப்பெயர் வந்துவிடும். "விளையாட்டு அறை" என்றே இருக்கட்டும். வெளியே வரும் பிள்ளையிடம் "என்ன பேசினாய்?" என்றும் கேட்காதீர்கள், "யார் ஜெயித்தது?" என்றும் கேட்காதீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.

மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது. 39-ஆம் பிரிவு, கொடுமைக்குள்ளான பிள்ளை உடலாலும் மனத்தாலும் தேறி வர அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. இரண்டும் ஓர் அறைக்குள் அடங்கும் என்றுதான் நான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு நான் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வருகிறேன். அன்று கேள்வி கேட்ட தகப்பனார் வந்திருந்தால், கூட்டம் தொடங்குமுன் பத்து நிமிடம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை ஆடும்படி அவரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அன்றே முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளோடு ஆடும் ஒரு பதிவு பெற்ற ஆலோசகர்